பழைய பக்கியில் நெடும்பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். என் வண்டி 1996 டொயோட்டா ஹைலக்ஸ், 2.8 டீசல், டர்போ கிடையாது, இரட்டைக் கேபின், 4x4, அதாவது நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும். பிக்கப் வண்டியைத் தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் பக்கி என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளியோடு நிற்கும்போதும், கல்யாண வீட்டு வாசலிலும், ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் போனிலும் இந்தப் பயணங்களைப் பற்றி ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே போட்டிருக்கிறேன்.

ஓவர்லேண்டிங்னா என்ன அண்ணா? கேம்பிங் போறதுதானே?

கேம்பிங்கில் ஓர் இடத்துக்குப் போய்த் தங்குவோம். ஓவர்லேண்டிங்கில் போவதே பயணம். தண்ணீர், சாப்பாடு, படுக்கை, எரிபொருள், ரிப்பேர் சாமான் எல்லாவற்றையும் வண்டியிலேயே வைத்துக்கொண்டு நாள்கணக்கில், சில பேர் மாதக்கணக்கில், தார் ரோடு முடிந்த பிறகும் போய்க்கொண்டே இருப்பார்கள். தினமும் ஓர் ஊர், சில நாள் ஊரே இருக்காது.

இதற்கு நம்மைப் போல வசதியான இடத்தில் இருப்பவர்கள் உலகத்தில் குறைவு. டர்பனிலிருந்து ஒரு நாள் ஓட்டினால் லெசோத்தோ, எஸ்வாட்டினி, மொசாம்பிக், போட்ஸ்வானா எதன் எல்லையையும் தொட்டுவிடலாம், அத்தனை நாட்டிலும் நம்மைப் போலவே இடது பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள்.

25 வருஷப் பழைய வண்டியை நம்பி குடும்பத்தோட காட்டுக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் வண்டியின் வயதைப் பார்க்காமல் அதன் நிலையைப் பார்க்க வேண்டும். பழைய டீசல் பக்கியில் கம்ப்யூட்டர் கிடையாது, பம்ப் மெக்கானிக்கல், எஞ்சினில் ஸ்பேனர் போக இடம் இருக்கும். போட்ஸ்வானாவிலோ நமீபியாவிலோ ஒரு சின்ன ஊரில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்குக்கூட அதைத் தெரியும். புது வண்டியில் ஒரு சென்சார் கெட்டால் லேப்டாப் இல்லாமல் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

அதற்காகப் பழைய வண்டி எதையும் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 25 வருஷத்தில் இரும்பு தேயாவிட்டாலும் ரப்பர் செத்துவிடும். ஹோஸ், பெல்ட், புஷ், ஆயில் சீல், பிரேக் ஹோஸ் இவையெல்லாம் ரப்பர். நடுவழியில் நிற்கிற பழைய வண்டிகளில் எஞ்சின் உடைந்து நிற்பதை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். ஐம்பது, நூறு ரேண்ட் ரப்பர் துண்டு ஒன்றால்தான் பெரும்பாலும் நிற்கின்றன.

எந்தப் பக்கி வாங்கலாம்? ஹைலக்ஸ் விலை ரொம்ப ஏறிப்போச்சே.

ஹைலக்ஸ்தான் வேண்டும் என்று இல்லை. இசுசு கேபி, நிசான் ஹார்ட்பாடி, மாஸ்டா டிரிஃப்டர், மிட்சுபிஷி கோல்ட் எல்லாமே இந்த ஊர் வழிகளைப் பல வருஷம் பார்த்த வண்டிகள். ஹைலக்ஸின் பலம் உதிரிபாகம். டர்பன் பிரோஸ்பெக்டனிலேயே அதைத் தயாரிக்கிறார்கள், எங்கே போனாலும் ஒருவரிடமாவது அதன் பாகம் இருக்கும். ஆனால் அதே காசுக்கு நன்றாகப் பராமரித்த இசுசு கிடைத்து, ஹைலக்ஸ் கந்தலாகக் கிடைத்தால், இசுசுவை எடுங்கள்.

டர்போ இல்லாத டீசல் மெதுவாகப் போகும், ஆனால் எளிமையானது. பெட்ரோல் வண்டிக்கு இழுவை நன்றாக இருக்கும், மணலில் குடிக்கும் குடியைப் பார்த்தால் மனசு கலங்கும். பழைய டர்போ டீசல் என்றால், அது எப்போதாவது அதிகமாகச் சூடாகி நின்றிருக்கிறதா என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டால் அந்தச் செலவு வண்டி விலையில் பாதியைத் தின்றுவிடும்.

வாங்கப் போறப்ப எதைப் பார்க்கணும்?

டர்பன் ஆட்கள் முதலில் பார்க்க வேண்டியது துரு. கடல் காற்றும் ஈரமும் சேர்ந்து வண்டியை அடியிலிருந்து அரிக்கும், மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஒரு சின்னச் சுத்தியலும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போய் வண்டிக்கு அடியில் படுங்கள். சேஸியை நெடுக மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும், அரித்த இடம் மண்பானை விரிசல் விட்ட மாதிரி மொத்தென்று கேட்கும். பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், லோடு பாக்ஸ் போல்ட் இறங்கும் இடம், ஷாக் அப்சார்பர் மேல்முனை, இந்த மூன்றையும் விடாதீர்கள். படகு இழுத்த வண்டியென்றால் இன்னும் கவனம், உப்புத் தண்ணீரில் பின்பக்கம் இறங்கி ஏறியிருக்கும்.

உள்நாட்டு வண்டிகள், அதாவது கௌடெங், ஃப்ரீ ஸ்டேட் பக்கத்து வண்டிகள், துருவில் பொதுவாக நல்ல நிலையில் இருக்கும். ஒரு நாள் செலவழித்து அங்கே போய்ப் பார்ப்பது நஷ்டமில்லை.

4x4 கண்டிப்பா வேணுமா? எங்கிட்ட 2x4 தான் இருக்கு.

வேண்டாம், அந்த வண்டியிலேயே தொடங்குங்கள். உயர்த்திய பாடியும், பின்சக்கரம் இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்ற வைக்கும் டிஃப் லாக்கும் உள்ள 2x4 பக்கி (பின்சக்கரத்துக்கு மட்டும் இழுவை), டயர் காற்றைச் சரியாகக் குறைத்தால், நமீபியாவின் சரளை ரோடுகள் முழுக்கப் போகும். ஆழமான மணல், லெசோத்தோவுக்கு ஏறும் சானி பாஸ் மலைவழி, மழைக்காலச் சேறு இவை மூன்றும் மட்டும் வேண்டாம். சானியில் தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியைத் தாண்டி மேலே ஏற 4x4 இல்லாத வண்டியை விடவே மாட்டார்கள்.

முதல்ல எதுக்குச் செலவு பண்ணணும்? கூரைக் கூடாரமா, வண்டியை இழுக்கிற வின்ச்சா, சஸ்பென்ஷனா?

மூன்றும் இல்லை. வண்டியின் மேலே வைக்க நினைக்கும் காசை முதலில் வண்டிக்கு அடியிலும் பானெட்டுக்குள்ளும் போடுங்கள். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், கேட்டவர்கள் குறைவு.

குளிர்விக்கும் பகுதியிலிருந்து தொடங்குங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் ஹோஸைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். நல்ல ஹோஸ் அமுங்கி உடனே திரும்பும். கெட்டது சாம்பாரில் ஊறிய வடை மாதிரி தொளதொளவென்று இருக்கும், இல்லையென்றால் உள்ளே மொறுமொறுவென்று நொறுங்கும் சத்தம் விரலில் தெரியும். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டருக்குப் போகும் இரண்டு சின்ன ஹோஸ், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்யக் கொடுங்கள். நான் வண்டி வாங்கிய முதல் வருஷம், எல்லா ஹோஸும் மாற்றியாயிற்று என்று ஒரு கராஜில் சொன்னதை நம்பிக் கிளம்பினேன். வான் ரீனன் கணவாய் ஏற்றத்தில், பின்சீட்டில் அம்மா உட்கார்ந்திருக்க, எஞ்சினுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஹீட்டர் ஹோஸ் பிளந்தது. என்3 நெடுஞ்சாலையில் லாரிகள் உரசிக்கொண்டு போக, அம்மாவைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் புல்லில் உட்கார வைத்து நாலு மணி நேரம் நின்றோம். அன்றிலிருந்து மாற்றியது எது, மாற்றாதது எது என்று நானே தொட்டுப் பார்க்காமல் கிளம்புவதில்லை.

அடுத்தது டைமிங் பெல்ட், உங்கள் எஞ்சினில் பெல்ட் இருந்தால். என் 2.8 டீசலில் உண்டு, 2.7 பெட்ரோல் ஹைலக்ஸில் செயின். எப்போது மாற்றினார்கள் என்று விற்றவருக்குத் தெரியவில்லை என்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வீல் பேரிங், பிராப்ஷாஃப்ட் கிராஸ், பிரேக், டிஃப் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், ஷாக் அப்சார்பர். இவையெல்லாம் முடிந்து கையில் காசு மிச்சம் இருந்தால் நல்ல டயர். கூரைக் கூடாரம் இரண்டாவது வருஷம் வாங்கலாம், முதல் வருஷம் தரையில் போடும் சாதாரணக் கூடாரமே போதும்.

எவ்வளவு சாமான் ஏத்தலாம்? ஒரு டன் பக்கிதானே?

அந்த ஒரு டன்னில் நீங்களும் சேர்த்தி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கணக்குப் போடுவோம். நாலு பேர், 280 கிலோ. லோடு பாக்ஸை மேலே மூடும் கேனபி 80. கூரைக் கூடாரம் 60. தண்ணீர் 60 லிட்டர், 60 கிலோ. 20 லிட்டர் டீசல் கேன் இரண்டு, கேனோடு சேர்த்து 40 கிலோவுக்கு மேல். ஃப்ரிட்ஜும் அதற்குள் இருப்பதும் 45. இரண்டாவது பேட்டரி 25. இன்னும் பெட்டி, பாத்திரம், எரிவாயு, ஸ்பேர் வீல், டூல்ஸ் எதுவும் சேர்க்கவில்லை, அதற்குள் கிட்டத்தட்ட 600 கிலோ. 25 வருஷம் வேலை செய்த லீஃப் ஸ்பிரிங் புதிதில் தாங்கியதை இப்போது தாங்காது. இரட்டைக் கேபினுக்கு அனுமதித்த எடையே ஒற்றைக் கேபினைவிடக் குறைவு, கதவு ஓரத்தில் இருக்கும் தகட்டையோ கையேட்டையோ பாருங்கள்.

எல்லாம் ஏற்றிய பிறகு பழைய இரும்பு வாங்கும் இடத்து எடைமேடையில் ஒரு தடவை வண்டியை நிறுத்தி எடை பாருங்கள். கனமானதைக் கீழேயும், பின் ஆக்சிலுக்கு முன்னாலும் வையுங்கள். கூரையில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் சரிவில் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும்.

டயர்ல எவ்வளவு காத்து?

நான் வைப்பது: தாரில் 2.2 பார், லோடு அதிகமானால் பின்னால் இன்னும் கொஞ்சம். சரளையில் 1.8. மணலில் 1.2, மாட்டிக்கொண்டால் 1.0. காற்றைக் குறைத்தால் டயர் அகலமாவதைவிட நீளமாகத்தான் அதிகம் தரையில் படியும், அதனால் மணலைத் தோண்டாமல் மேலே மிதந்து போகும். குறைத்த காற்றில் வேகமாக ஓட்டக் கூடாது, தாருக்குத் திரும்பியதும் கம்ப்ரஸரால் ஏற்றிவிட வேண்டும். முதலில் கம்ப்ரஸர், பிறகுதான் மற்ற அலங்காரம்.

பழைய வண்டியோடு வரும் டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் கடைசி நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. பூ, அதாவது ரோட்டில் படும் வெட்டு, நன்றாக இருந்தும் டயர் பத்து வருஷம் ஆனதாக இருந்தால், சூடான சரளை ரோட்டில் அதை நம்பி 80-இல் போகாதீர்கள்.

4x4 கியரை எப்ப போடணும்? போட்டாலும் முன்வீல் சுத்த மாட்டேங்குதே!

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பழைய பக்கிகளில் முன்சக்கர நடுவில் ஒரு வட்டத் திருகு இருக்கும், ஃப்ரீ, லாக் என்று எழுதியிருக்கும். இறங்கிப் போய் இரண்டு பக்கமும் லாக்கில் திருப்பினால்தான் முன்சக்கரத்துக்கு இழுவை போகும். உள்ளே லீவரை மட்டும் போட்டுவிட்டு வண்டி வேலை செய்யவில்லை என்று மூன்று பேர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருஷக்கணக்காகத் திருப்பாத வண்டியில் அந்தத் திருகு இறுகிப் போயிருக்கும். வீட்டு வாசலிலேயே திருப்பிப் பாருங்கள், தேவைப்பட்டால் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போடுங்கள்.

எப்போது போடுவது என்றால், தார் முடிந்த இடத்திலேயே திருகை லாக்கில் வைத்துவிடுங்கள், மணலோ ஏற்றமோ தொடங்குவதற்கு முன்னால் லீவரைப் போடுங்கள், மாட்டிக்கொண்ட பிறகு போடுவது வீண். தாரில் 4x4-இல் ஓட்டக் கூடாது. இந்த வண்டிகளில் வேக வித்தியாசத்தை ஏற்கும் டிஃப் நடுவில் கிடையாது, திருப்பத்தில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும், வழுக்க வழி இல்லாத ரோட்டில் அந்த இழுபறி முழுக்க கியரிலும் ஷாஃப்டிலும் இறங்கும்.

மணல்ல மாட்டிக்கிட்டா என்ன செய்யறது? கயிறு கட்டி இழுத்தா போதுமா?

முதலில் ஆக்ஸிலேட்டரை விடுங்கள். சக்கரம் சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும். இறங்கி, மேலே சொன்ன மாதிரி காற்றை 1.0-க்குக் குறைத்து, சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் மண்வெட்டியால் சரிவாக வழித்து, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் வெளியே வரப் பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை இது போதும். மண்வெட்டிதான் நல்ல கருவி, அதற்குப் பிறகு இழுவைப் பட்டை.

இழுக்க வேண்டிய நிலை வந்தால் ஒன்றை மட்டும் உயிர்ப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் மாட்டும் டோபாலில் ஒருபோதும் பட்டை மாட்டி இழுக்கக் கூடாது. அந்த உருண்டை உடைந்தால் பீரங்கிக் குண்டு மாதிரி கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வரும், அப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள். சேஸியில் போல்ட் போட்ட, பளு குறித்த இழுவைக் கொக்கி முன்னும் பின்னும் இருக்க வேண்டும். பழைய வண்டியில் அது பற்றியிருக்கும் இடத்தில் துரு இருக்கிறதா என்று முன்பே பார்த்திருக்க வேண்டும். இழுக்கும்போது பிள்ளைகள், வேடிக்கை பார்ப்பவர்கள் எல்லோரும் பட்டையின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நிற்கட்டும்.

முதல் பயணம் எங்கே போகலாம்?

ஓர் இரவு, வீட்டிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள். அண்டர்பர்க், ஹிம்வில் பக்கம் டிராகன்ஸ்பர்க் மலையடிவாரம் டர்பனிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். தீப்பெட்டி, கரண்டி, தலையணை என்று எதை மறந்தோம் என்பது அந்த ஓர் இரவில் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும், பயன்படுத்தாத சாமான் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். நாங்கள் முதல் தடவை கொண்டு போனதில் பாதிதான் இப்போது ஏற்றுகிறோம்.

இரண்டாவது, கோசி பே. என்2-இல் வடக்கே போய் ஹ்லுஹ்லுவேயில் ஆர்22-க்குத் திரும்பி மங்குசி வரை தார், மொத்தம் 400 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து ஏரிப் பக்கம் இறங்கினால் மணல், நல்ல பயிற்சி. கழிமுகத்துக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அங்கே ஏரித் தண்ணீரில் வளைவு வளைவாகக் குச்சி நட்டு மீன் பிடிக்கும் பழைய பட்டிகளை மேட்டில் நின்று பார்த்தால், சிலந்தி வலையைத் தண்ணீரில் விரித்த மாதிரி இருக்கும். கடற்கரை மணலில் மட்டும் வண்டி இறக்கிவிடாதீர்கள், தென்னாப்பிரிக்காவில் 2002-லிருந்து அது தடை.

ஈஸ்டர் நீண்ட விடுமுறை வேண்டாம். ஐசிபிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் மாரியம்மன் திருவிழா, பாதி உறவு அங்கேதான் இருக்கும், மீதிப் பாதி நாடு நெடுஞ்சாலையில் இருக்கும்.

சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க? புரட்டாசில விரதம் வேற.

முதல் நாளுக்குக் கட்டுச்சோறு, எங்கள் வீட்டில் புளியோதரையும் உருளைக்கிழங்குக் கறியும். அடுத்த நாளிலிருந்து அரிசி, பருப்பு, சூகர் பீன்ஸ், டின் மீன், டர்பன் மிக்ஸ்டு மசாலா ஒரு பாட்டில். சின்ன பிரஷர் குக்கர் கட்டாயம். லெசோத்தோ மலை உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது, எரிவாயுதான் தீரும்.

புரட்டாசி உண்மையில் போட்ஸ்வானா போக நல்ல காலம். செப்டம்பரில் புல் காய்ந்து, மிருகங்கள் தண்ணீரைத் தேடி ஓரிடத்துக்கு வரும், அக்டோபர் பாதிக்கு மேல் வெயில் தாங்காது. கோமாரி நோய்த் தடுப்புக்காக எல்லையிலும் உள்நாட்டுக் கால்நடை வேலிகளிலும் பச்சை இறைச்சி, பால் பொருள்களைப் பிடுங்கிக்கொள்வார்கள், செருப்பைக்கூட மருந்து நனைத்த விரிப்பில் மிதிக்கச் சொல்வார்கள். விரதக்காரர்களுக்கு அந்த இறைச்சிக் கவலை இல்லை. பச்சைக் கறிவேப்பிலைக் கொத்தையும் எல்லையில் எடுத்துவிடலாம், காய வைத்துப் பொடித்துக் கொண்டு போங்கள்.

ஃப்ரிட்ஜ் வெச்சா காலையில வண்டி ஸ்டார்ட் ஆகுமா?

ஒரே பேட்டரியில் வைத்தால் ஆகாது. 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது மூன்று, நாலு ஆம்பியர் எடுக்கும், வெயில் நாளில் ஒரு நாளைக்கு 40 ஆம்பியர்-மணி போய்விடும். 100 ஆம்பியர்-மணி லெட் பேட்டரியில் பாதிக்குக் கீழே இறக்கினால் அது சீக்கிரம் செத்துவிடும். அதனால் தனியாக இரண்டாவது டீப் சைக்கிள் பேட்டரி, எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைக்கும் ஓர் ஐசொலேட்டர், ஒயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ். முதல் இரண்டு பயணத்துக்கு ஐஸ் பெட்டியே போதும்.

எல்லை தாண்ட என்னென்ன பேப்பர்?

பாஸ்போர்ட், லைசென்ஸ், வண்டியின் பதிவுச் சான்று. வண்டி உங்கள் பெயரில் இல்லையென்றால் உரிமையாளரின் சத்தியக் கடிதம், கடன் இருந்தால் வங்கிக் கடிதம். பின்னால், தென்னாப்பிரிக்க வண்டி என்று காட்டும் இசட்ஏ (ZA) ஸ்டிக்கர். காப்பீடு அந்த நாட்டில் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பழைய வண்டிக்குக் காப்பீட்டில் பல நிபந்தனை இருக்கும். போட்ஸ்வானா, நமீபியா, லெசோத்தோ, எஸ்வாட்டினி நம்மோடு ஒரே சுங்க ஒன்றியத்தில் இருப்பதால் வண்டிக்குத் தொல்லை குறைவு. மொசாம்பிக், ஜிம்பாப்வே போனால் வண்டிக்குத் தற்காலிக இறக்குமதிச் சீட்டு எடுக்க வேண்டும், போலீஸ் கிளியரன்ஸும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மொசாம்பிக்குக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு எல்லையிலேயே வாங்கலாம், முக்கோணப் பலகை இரண்டு, ஒளிரும் சட்டை மறக்காதீர்கள்.

18 வயதுக்குக் கீழ் பிள்ளைகள் வந்தால் பெற்றோர் பெயர் உள்ள முழுப் பிறப்புச் சான்று, ஒருவர் மட்டும் கூட்டிப்போனால் மற்றவரின் சம்மதக் கடிதம். இந்தியப் பாஸ்போர்ட்டில் இருக்கும் தம்பி தங்கைகள் ஒவ்வொரு நாட்டுக்கும் விசா விதியைக் கிளம்பும் மாதத்தில் பாருங்கள், திரும்பி உள்ளே வர உங்கள் தென்னாப்பிரிக்க அனுமதி செல்லுபடியாக இருக்கிறதா என்பதையும் சேர்த்து.

சானி பாஸ் ஏறுறப்ப கருப்புப் புகை, இழுவையே இல்லை. எஞ்சின் போச்சா?

போகவில்லை. மேலே லெசோத்தோ எல்லை 2,870 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் டர்பனில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத பழைய டீசலில் பம்ப் அதே அளவு டீசலை ஊற்றும், எரிக்கக் காற்று போதாது, மிச்சம் கருப்புப் புகையாக வெளியே வரும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் புகைதான் கூடும். லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு போக 4x4 லீவரில் இருக்கும் நிலை), முதல் அல்லது இரண்டாவது கியரில் மெதுவாக ஏறுங்கள், சூடு முள்ளில் ஒரு கண் இருக்கட்டும். முள் ஏறினால் அகலமான வளைவில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் ஐட்லிங்கில் ஆற விடுங்கள். இறங்கும்போதும் அதே லோ ரேஞ்ச், பிரேக்கை மிதித்தே இறங்கினால் கீழே வருவதற்குள் பிரேக் பிடிக்காமல் போகும்.

புல்லு நடுவுல போனா வண்டி தீப்பிடிக்கும்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். கலஹாரிப் பக்கம் இரண்டு சக்கரத் தடத்துக்கு நடுவில் இடுப்பளவு புல் நிற்கும், மழை முடிந்த மாதங்களில் அதன் விதை முழுக்க வண்டிக்குள் போகும். இரண்டு ஆபத்து. விதை ரேடியேட்டர் துளைகளை அடைத்து எஞ்சின் கொதிக்கும். இன்னொன்று, காய்ந்த புல் அடியில் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் பாடிக்கும் நடுவில் அடைந்து பற்றிக்கொள்ளும், பெட்ரோல் வண்டியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

முன்னால் கொசுவலை மாதிரி நெருக்கமான விதை வலை கட்டுங்கள். பத்து, பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி, கீழே குனிந்து, நீளக் கம்பியால் எக்ஸாஸ்ட் மேலே இருக்கும் புல்லை இழுத்துப் போடுங்கள். புல் மேலேயே நிறுத்தாதீர்கள். தீயணைப்பான் கை எட்டும் இடத்தில், கேபினுக்குள்.

ஆத்துல இறங்கி ஆழம் பார்த்துட்டுதான் வண்டியை விடணுமாமே?

மலைப்பக்கத்து ஓடையில் சரி. வடக்கு குவாசூலு-நேட்டால், மொசாம்பிக், ஒகவாங்கோ பக்கம் கூடவே கூடாது, முதலையும் நீர்யானையும் உண்டு. மற்ற வண்டி தாண்டுவதைப் பார்த்துவிட்டுப் போங்கள், வரவில்லையென்றால் திரும்புங்கள். அந்தப் பகுதிகளில் மலேரியாவும் உண்டு, கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே டாக்டரிடம் மாத்திரை கேளுங்கள்.

ராத்திரி ஓட்டலாமா? ரெண்டு மணி நேரம்தானே பாக்கி.

கூடாது. மாடு, கழுதை, நமீபியாவில் குடு என்ற பெரிய மான், எதற்கும் விளக்கு கிடையாது. நாலு மணிக்கு இடம் தேடத் தொடங்குங்கள், ஐந்துக்கு உலை கொதிக்க வேண்டும்.

ஒரே வண்டியில தனியா போகலாமா? மக்கடிக்கடி உப்புவெளியில கூபு தீவு பார்க்கணும்னு ரொம்ப ஆசை.

சரளை ரோடுகளில், முகாம்களில், தனியாகப் போகலாம், நானும் மனைவியும் போகிறோம். போட்ஸ்வானாவில் இருக்கும் மக்கடிக்கடி வேறு. தட்டையாக, வெள்ளையாக, முடிவே இல்லாமல் தெரியும் அந்த உப்புத் தரை மேலே அப்பளம் மாதிரி ஒரு பொருக்கு, அடியில் களிச்சேறு. மழைக்குப் பிறகு மாதக்கணக்கில் மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும். பொருக்கு உடைந்தால் வண்டி ஆக்சில் வரை இறங்கிவிடும், சுற்றிலும் கயிறு கட்ட ஒரு மரம் இருக்காது. காய்ந்த மாதங்களில், ஏற்கெனவே ஓடிய தடத்தில் மட்டும், இன்னொரு வண்டியோடு போங்கள். பக்கத்து ஊரில் அன்றைய நிலைமையைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

தனியாக எங்கே போனாலும் ஒருவருக்கு ஐந்து லிட்டர் வீதம் மூன்று நாள் தண்ணீர் அதிகமாக வையுங்கள். இணையம் இல்லாமலே வேலை செய்யும் டிராக்ஸ்ஃபார்ஆப்பிரிக்கா வரைபடம், ஒரு சாட்டிலைட் தூதுக் கருவி, ஃபேன் பெல்ட், மேலே சொன்ன ஹோஸ்கள், டீசல் ஃபில்டர், கட்டுக்கம்பி, ஹோஸ் கிளிப் ஒரு கைப்பிடி. வீட்டில் ஒருவரிடம் வழியும், எந்த நாள் எத்தனை மணிக்குள் பேசுவோம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். பானெட்டைத் திறந்து தூக்கி வையுங்கள், நிழல் இருக்கும் பக்கத்தில் உட்காருங்கள். தேடி வருபவர்கள் ஆளை விட வண்டியைத்தான் முதலில் பார்ப்பார்கள்.